மூன்றாவது டிக்கெட்

எல்லாரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது செண்பகவல்லி சர்க்கரையைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். போன செவ்வாய்க்கிழமை காலையில் மகன் மூர்த்தி, நான் காப்பி போடுகிறேன் நீ உட்காரு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனான். அடுப்புக்கு மேலே இருந்த அலமாரியைத் திறந்தான், மூடினான். பக்கத்து அலமாரியைத் திறந்தான், பருப்பும் மிளகாய்ப்பொடியும் இருந்தன, மூடினான். குனிந்து கீழே ஒரு இழுப்பறையை இழுத்தான், அதில் கரண்டிகள். "அம்மா, ஒனக்குச் சர்க்கரை போடணுமா, வேண்டாமா?" என்று முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான். ஆறு வருஷமாக அவன் குடியிருக்கிற வீடு. சர்க்கரை எங்கே இருக்கிறது என்று தெரியாதா? தெரியாமலும் இருக்கலாம், ஏன், அவன் அப்பாவுக்குச் சாகிறவரை உப்பு எங்கே இருக்கிறது என்று தெரியாது. ஆனால் அவர் தேடியதே இல்லை, இருந்த இடத்திலிருந்து சத்தம் போடுவார், அவ்வளவுதான். மூர்த்தி தேடினான். அதுவும் விருந்துக்கு வந்தவன் மாதிரி, சத்தம் வராமல் திறந்து, சத்தம் வராமல் மூடி. அந்த மூடுகிற பக்குவம்தான் அவளை ஆறு நாளாகத் தூங்கவிடவில்லை. சொந்த வீட்டுக் கதவை எவனாவது அத்தனை மரியாதையாக மூடுவானா?

"அத்தை, குளிருதா? உள்ள போய் உக்காருவோமா?" என்றாள் சுகிர்தா. மருமகள். வேண்டாம் என்று தலையாட்டினாள். உள்ளே போனால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும். இங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றால் கடலைப் பார்த்தால் போதும். மகன் இருக்கிற வெளிநாட்டில், மான்டரே என்ற கடற்கரை ஊரிலிருந்து படகு புறப்பட்டு முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஜனவரி மாதம், காலை பத்தரை மணி, வெயில் இருக்கிறது, ஆனால் அது சும்மா விளக்கு போட்ட மாதிரி வெளிச்சம், சூடு கிடையாது. காற்று காதுக்குள் புகுந்து பல்லைத் தொட்டது. புடவைக்குள்ளே இறுக்கமான கம்பளிக் கால்சட்டை, புடவைக்கு மேலே சுகிர்தாவின் பழைய ஜாக்கெட், தலையில் கோவில்பட்டி பஜாரில் வாங்கிய மங்கி குல்லா. அந்தக் குல்லாவைப் பார்த்துப் படகில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சிரித்தார், அவளும் சிரித்து வைத்தாள். அறுபத்து மூன்று வயதில் திமிங்கிலம் பார்க்க வந்திருக்கிறாள். ஊரில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஊரில் என்னென்ன சொல்ல வேண்டியிருக்குமோ. அந்த நினைப்பு வந்ததும் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கம்பி ஐஸ் மாதிரி இருந்தது, கையுறையைத் தாண்டிக் குளிர்ந்தது, ஆனாலும் விடவில்லை.

மூன்று டிக்கெட் எடுத்திருந்தார்கள். மூர்த்தியும் வருவதாகத்தான் இருந்தது. காலையில் ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு நின்றவன், போனைப் பார்த்துவிட்டு, ஆபீஸில் ஒரு அவசரம், நீங்க போய்ட்டு வாங்க என்றான். ஞாயிற்றுக்கிழமை என்ன அவசரம்? கேட்கவில்லை. படகுத்துறையில் டிக்கெட் பார்த்த பெண், மூன்று பேரா என்று கேட்டபோது சுகிர்தா உடனே, இரண்டு பேர் என்றாள். உடனே என்றால், கேள்வி முடியும் முன்னாலேயே. பல தடவை சொல்லிப் பழகின பதில் மாதிரி. ஹோட்டலில், ஆஸ்பத்திரியில், இரண்டு பேர் இல்லை, ஒரு ஆள்தான் என்று எத்தனை இடத்தில் சொல்லியிருப்பாளோ. அட, என்ன இது, ஒரு பெண் டிக்கெட் கணக்கைச் சொன்னதற்கு இத்தனையா? முப்பத்தோரு வருஷம் கோவில்பட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்ததால் வந்த வியாதி இது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அடுத்தவர் குரலுக்குள்ளேயே உட்கார்ந்திருந்த வியாதி. ஒட்டுக் கேட்கக் கூடாது என்பது சட்டம். அவள் கேட்டதில்லை. ஆனால் லைன் விழுந்ததா என்று பார்க்க ஒரு நிமிஷம் காது கொடுத்தாக வேண்டும், அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். ஹலோவுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியில் தெரிந்துவிடும், சாவா, கல்யாணமா, கடனா, பொய்யா. நேற்றுச் சாப்பிடும்போது மூர்த்தி, "சுகி, அந்தத் தண்ணியக் கொஞ்சம்..." என்றான். அவள், "ம்" என்று தள்ளி வைத்தாள். நடுவில் ஒன்றுமே இல்லை, சண்டைகூட இல்லை. சண்டை இருந்தால் செண்பகவல்லி நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ரயிலில் எதிர் சீட்டுக்காரரிடம் தண்ணீர் பாட்டிலை வாங்குகிற மாதிரி அத்தனை நாகரிகமாக இருந்தது.

ஒலிபெருக்கியில் ஒரு ஆள் பேசிக்கொண்டே வந்தான். அவன் பேசுகிற வேகத்தில் பாதிதான் புரிந்தது. பறவைகளைப் பார்க்கச் சொன்னபோது எல்லாரும் இடதுபக்கம் ஓடினார்கள், படகு ஒரு சாய்ப்பு சாய்ந்தது. கூழைக்கடாக்கள் ஏழெட்டு, தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் ஒரே கோடாகப் போயின. கூந்தன்குளத்தில் பார்த்திருக்கிறாள், அங்கே கருவேல மரத்தில் உட்கார்ந்து கொக்கும் அதுவும் போடுகிற இரைச்சல் காது கிழியும். இங்கே அதே பறவை வாயைத் திறக்காமல் போகிறது. அப்புறம் கறுப்பாக, இறக்கையை ஆட்டவே ஆட்டாமல், அலைக்குள்ளே இறங்கி அலைக்கு மேலே ஏறி ஒரு பெரிய பறவை. அது மாசக்கணக்கில் கரைக்கே வராதாம், கடலிலேயே தூங்குமாம், ஒலிபெருக்கிக்காரன் சொன்னதைச் சுகிர்தா மெதுவாகச் சொன்னாள். கடலில் எங்கே தூங்கும்? மூர்த்தி எங்கே தூங்குகிறான்? முதுகுவலி என்று ஹாலில் சோபாவில் படுக்கிறான். மெத்தையில் படுத்தால் வலி, சோபாவில் படுத்தால் வலி இல்லையா? அப்படியும் இருக்கும், இந்த ஊர் மெத்தை ஆளை விழுங்குகிறது. குளியலறையில் அவனுடைய பல்துலக்கும் பிரஷ் புதுசு. அவன் சட்டைகள் அலமாரியில் பெட்டிக்குள் மடித்து வைத்த மடிப்போடு தொங்கின. செருப்பு மட்டும் பழசு, அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்புறம் அந்த ஆறுதலும் போய்விட்டது, ஏனென்றால் செருப்பை எங்கிருந்தும் போட்டுக்கொண்டு வரலாமே. இப்படியே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதும், ஒன்றுமில்லை என்று வைப்பதும், மறுபடி எடுப்பதும், மனசுக்கு வேறு வேலையே இல்லையா? அந்தப் பறவையைப் பாரேன், அத்தனை தூரம் வந்தது அதைப் பார்க்கத்தானே. பார்த்தாள். பறவை போய்விட்டிருந்தது.

டால்பின்கள் வந்தன. இருபதா இருநூறா சொல்ல முடியாதபடி, படகின் மூக்குக்கு முன்னால் தண்ணீரைத் தைக்கிற மாதிரி உள்ளேயும் வெளியேயும். விலாவில் வெள்ளைப் பட்டை. ஒரு சின்னப் பிள்ளை கத்தியது, ஒலிபெருக்கி கத்தியது, செண்பகவல்லிக்கும் தன்னை மீறி வாயிலிருந்து, "ஏ, ஆத்தி!" என்று வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். சுகிர்தாவும் சிரித்துக்கொண்டிருந்தாள், வந்த பதினாறு நாளில் முதல்தடவையாகப் பல் தெரிய. இந்தப் பெண்ணை அவளுக்குப் பிடிக்கும், அதுதான் சங்கடம். திருச்சிப் பெண், தாய் இல்லாமல் வளர்ந்தவள், மருந்துக் கம்பெனியில் வேலை. வந்த அன்றைக்கு விமான நிலையத்தில் பெட்டியைத் தள்ளிக்கொண்டே, "அத்தை, நீங்க குடிக்கிற அந்தக் காப்பிப்பொடியே வாங்கி வச்சிருக்கேன்" என்றாள். பிரியம் இல்லாதவள் அதைத் தேடி வாங்குவாளா? மூர்த்திமேல் பிரியம் இல்லாமல் மூர்த்தி அம்மாமேல் பிரியம் இருக்குமா? இருக்க முடியுமா? இதை யாரிடம் கேட்பது? அவளிடமேதான் கேட்க வேண்டும். கேட்டுவிடலாம். இப்போது வேண்டாம், டால்பின் போகட்டும். டால்பின் போனது. இப்போது வேண்டாம், அந்தக் கிழவர் பக்கத்தில் நிற்கிறார். அவருக்குத் தமிழ் தெரியுமா என்ன? கேட்டால் என்ன ஆகும்? சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டால் அது நடந்ததாக ஆகிவிடும். சொல்லாதவரை சர்க்கரை சர்க்கரைதான், முதுகுவலி முதுகுவலிதான். இன்னும் ஒன்பது நாள், பதினேழாம் தேதி விமானம், கண்ணை மூடிக்கொண்டு ஏறிவிடலாம். அவர்களும் பாவம், அதற்குத்தானே இத்தனை பாடுபடுகிறார்கள்.

அந்தக் காலத்தில் எக்ஸ்சேஞ்ச் கவுண்டரில் முத்துச்செல்வியும் அப்படித்தான் நின்றாள். எங்கிருந்து வந்தாள் இவள், இந்தக் கடலில்? தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள், சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் எக்ஸ்சேஞ்சுக்கு வந்து பம்பாய்க்கு ட்ரங்கால் போடுவாள். புருஷன் பெயரைச் சொல்லி அவரே வந்து பேசுகிற மாதிரி பி.பி. கால். முகத்தில் பவுடர், தலையில் பூ, விரலில் மட்டும் பசை வாசம் போகாது. முதல் இரண்டு வாரம் பேசினான். மூன்றாவது வாரம் அவனே எடுத்து, "ஆள் இல்லைன்னு சொல்லிடுங்க மேடம்" என்றான். அவன் குரல்தான், செண்பகவல்லிக்குத் தெரியாதா? கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவள் பூவோடு நிற்கிறாள். "லைன் கெடைக்கலம்மா" என்றாள் செண்பகவல்லி. அடுத்த சனிக்கிழமையும் லைன் கிடைக்கவில்லை. எட்டு மாதம். ஒவ்வொரு வாரமும் திரும்பிப் போகும்போது அவள், "பரவால்லக்கா, மழையா இருக்கும் அங்க" என்பாள். நல்லது செய்கிறோம் என்றுதான் செண்பகவல்லி நினைத்தாள், வேலையையே பணயம் வைத்துச் செய்த நல்லது. ஒரு சனிக்கிழமை முத்துச்செல்வி கால் புக் பண்ணவில்லை. கவுண்டரில் வந்து நின்று, "ஒங்களுக்கு மொதல்லருந்தே தெரியுமுல்லக்கா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. செண்பகவல்லி போர்டில் ஏதோ ஒரு இணைப்பு வயரைப் பிடுங்கி ஏதோ ஒரு ஓட்டையில் சொருகினாள். நிமிர்ந்தபோது அவள் இல்லை. வேறு ஒன்றும் நடக்கவில்லை, பெரிய அசம்பாவிதம் எதுவும் இல்லை, பின்னாலும் அவளை பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறாள், ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஆனால் அவள் இவளைப் பார்க்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். எட்டு மாசம் என்னைப் பூ வைக்க வைத்தாயே என்று சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வீட்டில் இப்போது யார் பூ வைத்துக்கொண்டு நிற்பது? யார் கவுண்டருக்கு உள்ளே இருப்பது? அவர்கள் இவளிடம் லைன் கிடைக்கவில்லை என்கிறார்களா, இவள் அவர்களிடமா? தலை சுற்றியது. படகும் சுற்றுகிறதோ?

படகு நின்றிருந்தது. இஞ்சின் சத்தம் இல்லாமல் போனதும் அலை பக்கவாட்டில் தட்டுகிற சத்தம் பெரிதாகக் கேட்டது. எல்லாரும் ஒரே பக்கம் கையை நீட்டினார்கள். முதலில் ஒன்றுமில்லை, சாம்பல் நிறத் தண்ணீர். அப்புறம் தண்ணீரே மூச்சு விட்டது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. லாரி டயரில் காற்றைத் திறந்துவிட்ட மாதிரி ஒரு சத்தம், ஆள் உயரத்துக்கு ஆவி, அதற்கு அடியில் ஒரு முதுகு, வழவழப்பு இல்லாமல், சொறி சொறியாக, வெள்ளைத் திட்டுத் திட்டாக, பாறை மாதிரி. அது வந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை, இவ்வளவு நீளமா ஒரு உடம்பு? ஆவி காற்றில் இவர்கள் பக்கம் வந்தது. மீன் அழுகின வாடை. குழந்தைகள் மூக்கைப் பிடித்தன. செண்பகவல்லிக்குப் பயம் வந்தது, அது கடித்துவிடும் என்று இல்லை, இத்தனை நேரம் அது அடியிலேயே இருந்திருக்கிறது என்ற பயம். இவர்கள் டால்பின் பார்த்துக் கைதட்டியபோதும் அது அங்கேதான் இருந்தது. ஒலிபெருக்கிக்காரன் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னான், பெண்கள் சிலர், ஓ என்றார்கள். "என்ன சொல்லுதான்?" என்று கேட்டாள். சுகிர்தா கடலைப் பார்த்துக்கொண்டே, "தெக்க போகுதாம் அத்தை. மெக்சிகோ பக்கம். ரொம்பத் தூரம்" என்றாள். அவன் சொன்னது அவ்வளவு சின்னதாக இல்லை. அதில் ஒரு வார்த்தை செண்பகவல்லிக்கே புரிந்திருந்தது, கர்ப்பம் என்கிற வார்த்தை. குட்டி போடப் போகிறது. அதைத்தான் மருமகள் விட்டுவிட்டாள். இவளுக்காக விட்டாளா, தனக்காக விட்டாளா? போன வருஷம் போனில் ஒருதரம் சுகிர்தாவிடம், ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்டது ஞாபகம் வந்தது. அந்தப் பக்கம் இடைவெளி. அப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது.

திமிங்கிலம் வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு இறங்கியதும் படகு திரும்பியது. திரும்புகிற படகில் அலை குறுக்கே அடித்தது, ஏறி இறங்கி ஏறி இறங்கி, சுகிர்தாவின் முகம் வெளுத்தது. "அத்தை, எனக்கு..." என்றவள் கம்பியில் குனிந்துவிட்டாள். செண்பகவல்லி ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் அவள் நெற்றியையும் பிடித்தாள். கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு வெறும் கையால் பிடித்தாள். நெற்றி சில்லென்று வியர்த்திருந்தது. குடித்த காப்பி, அப்புறம் வெறும் தண்ணீர், அப்புறம் ஒன்றுமில்லாமல் உடம்பு மட்டும் உலுக்கியது. அந்த உலுக்கலில் ஒரு கட்டத்தில் வாந்தி நின்றுவிட்டது, உலுக்கல் நிற்கவில்லை. அழுகிறாள். கேட்க வேண்டாம், கேட்க வேண்டாம், பதினேழாம் தேதி விமானம் என்று உள்ளே ஒன்று வேகவேகமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

"மூர்த்தி எங்க இருக்கான்?"

"ஆபீஸ்லதான் அத்தை..."

"அதக் கேக்கல. எங்க குடியிருக்கான்?"

சுகிர்தா நிமிரவில்லை. "சான் ஹோசேல," என்றாள். "ஒரு ஃப்ரெண்டோட சேர்ந்து வீடு எடுத்திருக்கார். பதினோரு மாசம் ஆச்சு." பிறகு கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "எப்படித் தெரியும் உங்களுக்கு?" என்றாள்.

"அத விடு. வேற ஆளு யாரும்...?"

"இல்ல அத்தை. ரெண்டு பேருக்குமே இல்ல. அப்படி ஏதாச்சும் இருந்தா சொல்றதுக்கு ஈஸியா இருந்திருக்கும். பேச்சு நின்னு போச்சு, அவ்வளவுதான். நீங்க வர்றதா சொன்னதும், அம்மா தாங்க மாட்டாங்க, வந்துட்டு சந்தோஷமா போகட்டும்னு அவர்தான் சொன்னார். நானும் சரின்னேன். நான் ஏன் சரின்னேன்னா..." நிறுத்தினாள். "எனக்கும் அந்த ஒரு மாசம் வேணும்னு இருந்துச்சு. நீங்க வந்து தங்குற மாதிரி ஒரு வீடு."

செண்பகவல்லிக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. அம்மா தாங்க மாட்டாள் என்று எவன் சொன்னது? புருஷன் செத்த பதினாறாம் நாள் முடிந்ததும் நைட் டூட்டிக்குப் போனவள் அவள். தப்பு யார்மேல் என்று கேட்கத் துடித்தது, என் பிள்ளை என்ன செய்தான், நீ என்ன செய்தாய், ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் வந்து உட்கார்ந்து பேசியிருக்க மாட்டேனா? பேசி? பேசி என்ன ஆகியிருக்கும்? இவள் தன் வீட்டுக்காரரோடு கடைசிப் பத்து வருஷத்தில் எத்தனை வார்த்தை பேசியிருப்பாள்? ரசம் இருக்கு, மாத்திரை போட்டாச்சா. அதை யாரும் பேச்சு நின்று போச்சு என்று சொல்லவில்லை, குடும்பம் என்றுதான் சொன்னார்கள். இவர்களுக்கு மட்டும் ஏன் அது போதவில்லை? போதாமல் போனது நல்லதா?

"கையெழுத்து எப்ப?" என்றாள்.

சுகிர்தா கைக்குட்டையை மடித்தாள். "பதினெட்டு."

இவள் விமானம் ஏறுகிறதற்கு மறுநாள். நாள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். பெட்டியைக் கட்டி, வழியனுப்பி, கை ஆட்டி, இரண்டு பேரும் ஒரே காரில் திரும்பி வந்து, ஆளுக்கொரு பக்கம் போய், மறுநாள் காலையில் போய் விவாகரத்து எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். அந்த நேரத்தில் இவள் மேகத்துக்கு மேலே சீட்டில் சாய்ந்து, பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். நினைக்கவே மாட்டாள், ஆனால் நினைப்பதாக அவர்கள் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மேல்துண்டைப் போர்த்துவது மாதிரி ஜாக்கெட்டை இழுத்து மூடிக்கொண்டாள். தூரத்தில் கரை தெரிந்தது, மரங்கள், வெள்ளை வீடுகள், படகுத்துறையில் கடல் சிங்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் குரைக்கிற சத்தம் இங்கேவரை வந்தது.

"டிக்கெட்டத் தள்ளிப் போட முடியுமா?"

"அத்தை?"

"என் விமான டிக்கெட்ட. இருவதாந் தேதிக்கோ, இருவத்தஞ்சுக்கோ."

"மாத்தலாம். ஆனா எதுக்கு? நீங்க வந்து பேசினாலும் இது..."

"மாறாது. தெரியுது. பேசுறதுக்கு இல்ல." என்ன சொல்ல வருகிறோம் என்று அவளுக்கே தெரியாமல்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவன இனிமே சோபாவுல படுக்கச் சொல்லாத. அவன் வீட்டுக்கு அவன் போகட்டும். ஒனக்குச் சம்மதம்னா நான் ஒன்கூட இங்கன இருக்கேன். இல்லைன்னா சொல்லிரு, நான் அவன்கிட்டப் போயிருதேன். சங்கடப்படாம சொல்லு."

சுகிர்தா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்மை வழிந்து கன்னத்தில் கோடாகக் காய்ந்திருந்தது. "இருங்க" என்றாள். அப்புறம், படகு வேகம் குறைந்து துறைக்குள் நுழையும்போது, தயங்கித் தயங்கிக் கேட்டாள். "பதினெட்டாந் தேதி நீங்க யார் பக்கம் அத்தை நிப்பீங்க?"

இதுதான் கேள்வி. இதற்குப் பயந்துதான் பதினாறு நாள் கண்ணை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. பெற்ற பிள்ளை. இந்தப் பெண்ணோ பத்து நாளில் சட்டப்படி யாரோ. கோவில்பட்டியில் தங்கச்சி கேட்பாள், மதினி கேட்பாள், மூர்த்தியே கேட்பான், அம்மா நீ அங்க ஏன் இருக்கே என்று. பதில் வைத்துக்கொண்டு ஒன்றைச் செய்கிற வயதா இது? கயிற்றை வீசிக் கட்டினார்கள், படகு துறையில் இடித்தது, எல்லாரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள்.

"எனக்குத் தெரியலட்டி," என்றாள் செண்பகவல்லி. மருமகளை அவள் பெற்ற மகளைப் போல 'ட்டி' போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "போயிட்டு ரெண்டு பேரும் வருவீகள்ல, வயிறு பசிக்கும்ல. நான் சோறாக்கி வச்சிருக்கேன். அவன் வந்தா அவனுக்கும் போடுவேன்."

சுகிர்தா அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். பின்னால் நின்ற கிழவர் வழிக்காகக் காத்திருந்தார். செண்பகவல்லி புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு பலகையில் கால் வைத்து இறங்கினாள். தரை அசையாமல்தான் இருந்திருக்கும். அவள் காலுக்கு மட்டும் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. எங்கேயாவது உட்கார்ந்தால் தேவலை. உட்காராமல் நின்று, சுகிர்தா இறங்கி வரட்டும் என்று கையை நீட்டினாள்.